உள்ளே போன வெளிச்சம் வெளியே வருமா?

1949 பிப்ரவரியில், திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டியொன்றை ஆசிரமத்திலேயே வைத்து டாக்டர்கள் அறுத்து எடுத்தார்கள். புண் ஆறுவதற்குள் அதே இடத்தில் கட்டி மறுபடி கிளம்பிவிட்டது. மார்ச் கடைசியில் சென்னையிலிருந்து அறுவை மருத்துவர்கள் வந்து இரண்டாம் முறை எடுத்தார்கள். எடுத்த சதையைச் சோதித்ததில் சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டில் மூன்றாம் அறுவை, டிசம்பரில் நான்காவது. நடுவில் நாட்டு மருந்து, ஹோமியோபதி எல்லாம் வந்து போயின. கையையே எடுத்துவிடலாம் என்றபோது அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு காலமானார்.

இந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றி எழுதியவர்கள் அவர் வலியைத் தாங்கிய விதத்தைத்தான் பெரும்பாலும் எழுதினார்கள். நியாயம்தான். எனக்கு அதைப் படிக்கும்போது, கத்தியைப் பிடித்தவர்களின் பாடுதான் கண்ணில் நிற்கிறது. சார்கோமா தசைக்கும் சவ்வுக்கும் நடுவே விரல் விட்டுப் பரவும் சாதி. கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது என்று எல்லை போட்டுக் காட்ட அன்றைக்குக் கருவி எதுவும் இல்லை. திறந்த புண்ணில் எல்லாமே ஒரே சிவப்பு. தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறதா, இளகலாக இருக்கிறதா என்று விரல் சொல்வதை நம்ப வேண்டும். மைக்ரோஸ்கோப்பின் தீர்ப்பு தையல் போட்ட பிறகுதான் வரும். சில ஆயிரம் செல்கள் தங்கிவிட்டால் போதும், அடுத்த அறுவைக்கு நாள் குறித்த மாதிரிதான்.

ரேடியம் அந்தக் காலத்தின் பெரிய நம்பிக்கை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-லேயே வந்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்க 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் நம் ஊர்ப்பக்கம் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்வருகிறவர்கள் ‘கரண்டு வைக்கிறாங்க’ என்றுதான் சொல்கிறார்கள். ரேடியத்தின் கதிர் புற்றுச் செல்லைக் கொல்லும். துத்தநாக சல்பைடோடு கலந்தால் இருட்டில் பச்சையாக மின்னும். கடிகார முள்ளுக்கு அந்தச் சாயத்தைப் பூசிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள், தூரிகை கூர்மையாக வேண்டும் என்று அதை உதட்டில் வைத்துச் சரிசெய்தார்கள். அப்படிச் செய்யும்படிதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றுக்குள் போன ரேடியத்தை உடம்பு கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்தது. சில வருஷங்களில் தாடை எலும்பு உளுத்து விழுந்தது.

ஆனால் உடம்புக்குள் எதையாவது செலுத்திப் பார்க்கும் கதையை அன்று, இன்று என்று பிரித்தால், ‘அன்று’ என்று நான் முதலில் காட்ட விரும்புவது ரேடியத்தை அல்ல, தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை. நானோத் துகளை உடம்புக்குள் செலுத்திப் படம் எடுப்பது இந்த நூற்றாண்டுச் சங்கதி என்று நினைக்கிறோம். 1930-களிலேயே அதைச் செய்தாயிற்று, நானோ என்ற பெயர்தான் இல்லை. தோரியம் டைஆக்ஸைடைச் சில நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கி நீரில் மிதக்கவிட்ட கரைசல் அது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரத்தக் குழாயில் ஏற்றினால் எக்ஸ்ரேயில் குழாய்கள் அத்தனையும் வெள்ளைக் கோடாகத் தெளிவாக விழும். போட்டுக்கொண்டவருக்கு எரிச்சல் இல்லை, வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. போர்த்துகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்க இதைப் பயன்படுத்தினார். உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த ஊசி போடப்பட்டது.

தோரியம் கதிரியக்கப் பொருள் என்பது அப்போதே தெரியும். அமெரிக்க மருத்துவர் சங்கம் 1932-லேயே எச்சரித்தது. படம் அவ்வளவு நன்றாக வந்ததால் அந்த எச்சரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே போன துகள் வெளியே வரவும் இல்லை. இரத்தத்தில் அந்நியத் துகள் எது வந்தாலும் பிடித்து விழுங்கக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் செல்கள் இருக்கின்றன. அவை தோரியத்தையும் விழுங்கின. ஆனால் அதைக் கரைக்கவும் தெரியவில்லை, வெளியே தள்ளவும் தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. அது இருந்த இடத்திலிருந்தே ஆல்பா கதிரை வீசிக்கொண்டிருந்தது. இருபது, முப்பது வருஷம் கழித்து, எதற்காக அந்த ஊசி போட்டுக்கொண்டோம் என்பதையே மறந்துபோன காலத்தில், அவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. ஜெர்மனி, டென்மார்க், போர்த்துகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பதிவேடு பிடித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகுதான் முழுக்கதை வெளிவந்தது.

தோரியம் நமக்கு ஒன்றும் தூரத்துப் பொருள் இல்லை. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு இங்கே வந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். உலகத்துக்குத் தோரியம் கொடுத்த பெரிய இடங்களில் அந்தக் கரையும் ஒன்றாயிற்று. பெட்ரோமாக்ஸ் மேண்டிலை வெள்ளை வெளேரென்று எரியவைத்ததும் தோரியம்தான். மின்சாரம் வருமுன் கோயில் உற்சவங்களில் சுவாமிக்கு முன்னால் தலையில் சுமந்து போனார்களே, அந்த விளக்குகள். பழைய சினிமா நகைச்சுவைக் காட்சியில் செந்தில் நசுக்கிய மேண்டிலில் எவ்வளவு தோரியம் இருந்தது என்று கவுண்டமணி கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும்.

இப்போது இன்றைக்கு வருவோம். அதற்கும் திருவண்ணாமலையிலேயே நல்ல வாசல் ஒன்று இருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று மாலை 2,668 அடி உயர மலையுச்சியில் பருவதராஜ குலத்தார் ஏற்றும் தீபம் பதினொரு நாள் எரியும். ஆளுயரத்துக்குப் பக்கமாக வரும் கொப்பரை, மூவாயிரம் கிலோவுக்கு மேல் நெய், ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணி, கற்பூரம். எரிந்து முடிந்ததும் கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த கரியைச் சேகரித்து வாசனைப் பொருள்கள் சேர்த்து மை ஆக்குவார்கள். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்கு அந்தத் தீப மையைச் சாத்திய பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். சின்னப் பொட்டலம். விரலில் தொட்டால் ரேகைக்குள் இறங்கிக்கொண்டு சோப்புக்கும் லேசில் போகாது. எரியும் சுடரிலிருந்து பிறக்கும் கரி அவ்வளவு நுண்ணியது.

2007-இல் அமெரிக்காவில் சில வேதியியலாளர்கள் மெழுகுவத்திச் சுடரின் மேல் பிடித்து எடுத்த புகைக்கரியை நைட்ரிக் அமிலத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சினார்கள். பிறகு வடித்து அளவுவாரியாகப் பிரித்தார்கள். ஓரிரு நானோமீட்டர் அளவில் கார்பன் துகள்கள் கிடைத்தன. புறஊதா விளக்கைக் காட்டியதும் ஒவ்வொரு குப்பியும் ஒவ்வொரு நிறத்தில் ஒளிர்ந்தது. ஒளி மங்கல்தான். வாங்கிக்கொண்ட வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் திருப்பிக் கொடுத்தன. ஆனாலும் இந்த மாதிரிக் கார்பன் புள்ளிகள் (கார்பன் டாட்ஸ்) 2004-இல் தற்செயலாகக் கண்ணில் பட்டதிலிருந்து அவற்றுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. மலிவு, நீரில் கரையும், காட்மியம் போன்ற நச்சு உலோகம் கிடையாது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் இப்போது இலைச்சாறு, பழச்சாறு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆட்டோகிளேவில் போட்டு இருநூறு டிகிரியை ஒட்டிச் சூடாக்கிக் கார்பன் டாட்ஸ் செய்கிறார்கள்.

அப்படியானால் நம் முன்னோர் தீப மையிலேயே நானோ வைத்தியம் செய்தார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளப்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது நெற்றிக்கு. கொப்பரையிலிருந்து வரும் கரி கருப்புதான், அமிலத்தில் காய்ச்சிப் பிரித்தெடுக்காமல் அது ஒளிராது. புகைக்கரியில் புற்றுநோயை உண்டாக்கும் கூட்டுப்பொருள்களும் ஒட்டிக்கொண்டிருக்கும், இங்கிலாந்தில் சிறுவயதிலிருந்து புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு வந்த புற்றுநோயை பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதிவைத்திருக்கிறார். பிரசாதத்தைப் பிரசாதமாக வைத்துக்கொள்வதில் அதற்குக் குறை ஒன்றும் இல்லை.

ஒளிரும் துகள் எதற்கு? இருட்டில் மொபைல் டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம்தான் உள்ளே போகிறது, சிவப்பாகத்தான் வெளியே வருகிறது. நீலமும் பச்சையும் இரத்தத்தில் மாட்டிக்கொள்கின்றன. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இன்னும் ஆழமாகப் போய்த் திரும்பும். ஆகவே கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அகச்சிவப்பில் ஒளிர்கிற ஒரு துகள் இருந்தால், அறுவை மேசையின் மேல் இருக்கும் கேமரா எல்லையைத் திரையில் காட்டிவிடும். 1949-இல் விரல் தேடியது அதைத்தான். கிடைத்திருந்தால் ரமணர் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. நுரையீரலுக்கோ வேறெங்கோ ஏற்கெனவே பரவிய சார்கோமாவுக்கு எல்லைக் கோடு போட்டுப் பிரயோஜனமில்லை.

இந்தத் துகள்களில் முதலில் பேர் வாங்கியவை குவாண்டம் புள்ளிகள். காட்மியம் செலினைடு ஒரே பொருள்தான். இரண்டு நானோமீட்டர் அளவில் செய்தால் நீலம், ஆறுக்குப் பக்கம் போனால் சிவப்பு. சாதாரணச் சாயம் லேசர் பட்டுச் சில நிமிஷங்களில் வெளுத்துப்போகும், இவை வெளுப்பதில்லை. 1998-இல் உயிருள்ள செல்களுக்குள் இவற்றை ஏற்றிப் படம் எடுத்துக் காட்டினார்கள். எக்கிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. டிவி விளம்பரத்தில் வருகிறதே கியூஎல்ஈடி, அதுவும் குவாண்டம் புள்ளிதான். டிவிக்குள் போனது. மனித உடம்புக்குள் மட்டும் போக விடவில்லை.

இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. 2004-இல் டெர்ஃபஸ், சான், பாட்டியா மூவரும், காற்றும் புறஊதா ஒளியும் பட்டால் குவாண்டம் புள்ளியின் மேற்பரப்பு சிதைந்து காட்மியம் கழன்று வரும், கல்லீரல் செல்கள் சாகும் என்று காட்டினார்கள். மேலே துத்தநாக சல்பைடு உறை போட்டால் கசிவு குறைந்தது. சரி, உறை போட்டாயிற்று, பிறகு? 2012-இல் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். தொண்ணூறு நாள் வரை குரங்குகள் நன்றாகச் சாப்பிட்டன, இரத்தச் சோதனையில் பெரிய கோளாறு இல்லை. ஆனால் அறுத்துப் பார்த்தபோது போட்ட காட்மியத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படியே இருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் தோரோட்ராஸ்ட் உட்கார்ந்த அதே இடங்கள். முப்பது வருஷம் காத்திருந்து பதிவேட்டில் தெரிந்துகொள்ள வேண்டியதை மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டார்கள், அதுவும் ஒரு மனிதருக்கும் ஊசி போடாமல்.

வெளியே வர என்ன வழி? 2007-இல் ஃப்ராஞ்சியோனி, பவெண்டி குழுவினர் எலிகளில் சோதித்து ஒரு அளவு சொன்னார்கள். சிறுநீரகம் ஒரு சல்லடை என்றால் அதன் கண் சுமார் 5.5 நானோமீட்டர். நீரில் மிதக்கும்போது துகளின் மொத்தப் பருமன் அதற்குள் அடங்கினால் சிறுநீரோடு போய்விடும். தாண்டத் தாண்டக் கல்லீரல் பிடித்துக்கொள்வது கூடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்துக்குள் போன துகள் தனியாக இருப்பதில்லை, சுற்றியுள்ள புரதங்கள் வந்து மேலே படிந்துகொள்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஐந்தாக இருந்தது உடம்புக்குள் பத்தாகிவிடலாம். புரதம் ஒட்டாமல் மேற்பூச்சு போடுவதே தனிக் கலை ஆயிற்று.

நம் பக்கத்தில் இதை வேறு வழியில் முயன்றார்கள், தங்கத்தை வைத்து. மூக்குத்தித் தங்கம் புறஊதா விளக்கில் ஒளிராது. அதையே இருபத்தைந்து அணுக்கள் கொண்ட கொத்தாக ஒரு புரதத்துக்குள் அமர்த்தினால் சிவப்பாக ஒளிரும். மாட்டு இரத்தப் புரதத்தில், உடல் சூட்டிலேயே, இதைச் செய்யும் முறையை 2009-இல் சிங்கப்பூர் குழு வெளியிட்டது. சென்னை ஐஐடியில் டி. பிரதீப்பின் குழு தங்கக் கொத்துகளில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. அவர்களும் கொச்சி அம்ருதாவின் மன்சூர் கோயக்குட்டி, சாந்திகுமார் நாயர் குழுவும் சேர்ந்து, அந்தக் கொத்தின் மேல் ஃபோலிக் அமிலத்தை இணைத்து 2010-இல் ஆய்வை வெளியிட்டார்கள். சில புற்றுச் செல்கள் ஃபோலிக் அமிலத்துக்கு அலையும், அதன் வாங்கிகளை மேற்பரப்பில் ஏராளமாக வைத்திருக்கும். அந்தச் செல்களில் தங்கம் நிறைய ஏறியது, மற்றவற்றில் குறைவாக. நச்சுச் சோதனையிலும் செல்கள் தாங்கின.

நச்சுச் சோதனை என்றால் பெரும்பாலும் எம்டிடி. 1983-லிருந்து இருக்கும் சோதனை. உயிருள்ள செல், மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் பிழைத்திருக்கிறது என்று கருவி கணக்கு சொல்லும். பிளாஸ்டிக் தட்டில் 96 குழி, இருபத்துநாலு மணி நேரம், வேலை முடிந்தது. ஆய்வுப் பேப்பரிலும் ‘நச்சற்றது’ என்ற சொல் ஏறிவிடும். எனக்கு இதில் இரண்டு குறை. ஒளிரும் துகளே வெளிச்சத்தை விழுங்கிக் கக்கும் சாதி, நிறத்தை அளக்கும் கருவியை அது ஏமாற்றும். சில நானோத் துகள்கள் செல்லின் துணையில்லாமலே சாயத்தை ஊதாவாக்கிவிடுகின்றன, செத்த செல்லும் பிழைத்த கணக்கில் சேரும். ஆகவே செல் இல்லாமல் துகளை மட்டும் போட்ட குழியும் தட்டில் இருக்க வேண்டும். அது இல்லாத பேப்பரை நம்பத் தேவையில்லை. இரண்டாவது, இருபத்துநாலு மணி நேரம். தோரோட்ராஸ்ட்டை இந்தத் தட்டில் போட்டுச் சோதித்திருந்தால் ஒரு நாளில் அதன் குணம் தெரிந்திருக்குமா?

அதனால் கண்ணாடித் தொட்டிக் கடைகளில் விற்கும் ஜீப்ரா மீனின் முட்டையிலும் சோதிக்கிறார்கள். கரு கண்ணாடி போலத் தெளிவு, துகள் குடலில் இருக்கிறதா ஈரலில் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். அதுவும் 96 மணி நேரம்தான். அதற்கு மேல் எலி, மாதக்கணக்கில், ஒவ்வொரு உறுப்பாக. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் நானோ மருந்துகளுக்கு என்று தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. துகளின் அளவு, மேற்பூச்சு, உடம்பில் எங்கே தங்குகிறது, எப்படிக் கழிகிறது என்பதையெல்லாம் மருந்துக்கு மருந்து தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. இந்தப் படிகள் ஏறச் செலவும் காலமும் ஆகும். இலைச்சாற்றில் செய்த கார்பன் டாட்ஸ் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுவதற்குக் காரணம் அதுதான். இன்னொரு காரணமும் உண்டு, ஒரே மரத்து இலையிலும் ஆடிக்கு ஒரு சாறு, தைக்கு ஒரு சாறு. மருந்து என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தாக வேண்டும்.

எல்லாப் படியும் ஏறி மனிதர் வரை வந்த ஒளிரும் துகள் ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வீஸ்னர் குழு செய்த சிலிக்கா துகள், நடுவில் சாயம், மேலே வழுக்கும் பூச்சு, மொத்தம் ஆறேழு நானோமீட்டர். 2011-இல் அமெரிக்க எஃப்டிஏ மனிதச் சோதனைக்கு அனுமதித்தது. 2014-இல் முதல் முடிவு வந்தது. ஐந்தே ஐந்து மெலனோமா நோயாளிகள். துகளில் கதிர் அயோடினையும் ஒட்டவைத்து, ஊசி போட்டதிலிருந்து அது போகும் வழியை ஸ்கேனில் தொடர்ந்து பார்த்தார்கள். 5.5 என்ற அளவைச் சற்றுத் தாண்டியிருந்தும் அது சிறுநீரகம் வழியாக வெளியேறியது. பிறகு அதே வகைத் துகளை வைத்துத் தலை, கழுத்து மெலனோமாவில் நெறிக்கட்டைக் கண்டுபிடிக்கும் சோதனையும் நடந்தது. அன்று லட்சக்கணக்கானவர்களுக்குப் போட்டுவிட்டுப் பதிவேடு எழுதினார்கள், இன்று ஐந்து பேருக்குப் போட்டுவிட்டு வெளியே வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

இதெல்லாம் திருவண்ணாமலைக்கு எப்போது வரும் என்றால், ஒளிரும் துகள் இன்னும் வரவில்லை, ஒளிரும் சாயம் எப்போதோ வந்துவிட்டது. சர்க்கரை நோய் முற்றிக் கண் மங்கியவர்களுக்குக் கண் ஆஸ்பத்திரியில் கையில் சாய ஊசி போட்டுப் படம் எடுக்கிறார்களே, அது ஃப்ளோரசீன். 1871-இல் வேதியியலாளர் பேயர் செய்த சாயம். ஒரு முறை செங்கம் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு ஊசி போட்ட சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது.

“பாட்டிம்மா, இன்னிக்கும் நாளைக்கும் ஒண்ணுக்கு மஞ்சளாப் போவும். பயந்துடாதீங்க.”

“மஞ்சக்காமாலையா கண்ணு?”

“இல்ல பாட்டிம்மா, போட்ட சாயம் வெளிய போவுது. தண்ணி நெறையா குடிங்க.”

ஐசிஜி என்ற பச்சைச் சாயம் 1950-களிலிருந்தே இருக்கிறது. அகச்சிவப்பில் ஒளிரும், கல்லீரல் அதைப் பித்தத்தில் விட்டு வெளியே அனுப்பிவிடும். மார்புப் புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நெறிக்கட்டு எது என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இதை வைத்தும் தேடுகிறார்கள். அந்த ஒரு கட்டு சுத்தமாக இருந்தால் அக்குளை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டாம், பிற்பாடு கை வீங்கும் ஆபத்தும் குறையும். மருந்துக் குப்பி வாங்கிவிடலாம். அகச்சிவப்புக் கேமராவின் விலைதான் மாவட்ட ஆஸ்பத்திரியை மலைக்க வைக்கிறது. அதனால் கேமரா வேண்டாம் என்று புதுதில்லி எய்ம்ஸ் அறுவை மருத்துவர்கள் வேறு வழி பார்த்தார்கள். அதே பழைய ஃப்ளோரசீனை ஊசியில் ஏற்றி, அறுவை அரங்கின் விளக்கை அணைத்துவிட்டு, நீல எல்ஈடி டார்ச்சை அடித்தார்கள். நெறிக்கட்டு வெறும் கண்ணுக்கே பச்சையாகத் தெரிந்தது. நானோ எதுவும் இல்லை. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் நாளைக்கே தொடங்கலாம் என்றால் நான் முதலில் கேட்பது இந்த டார்ச்சைத்தான்.